புளி போட்டுத் தேய்த்துவிட்டேன்

சிவமயம்

பள்ளத்தூர்,
ஞாயிற்றுக்கிழமை மதியம்.

அன்பு உமையாளுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலம். அப்பாவுக்கு முழங்கால்தான் பாடாய்ப் படுத்துகிறது. தைலம் தேய்த்தால் இரண்டு நாள் கேட்கிறது, மூன்றாம் நாள் பழைய குருடி கதவைத் திறடி. மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல்.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். நீ கத்துவாய் என்று பயந்துதான் எழுதுகிறேன். பெர்லினில் நீ வைக்கப்போகிற கலைக் கண்காட்சிக்கென்று கழுவாமல் அனுப்பச் சொன்ன பாத்திரங்களில் 11 உருப்படியைப் புளி போட்டுத் தேய்த்துவிட்டேன்.

வேண்டுமென்று செய்யவில்லை. புதன்கிழமை செல்லம்மாளைக் கூட்டிக்கொண்டு பெரிய வீட்டுக்குப் போய், இரண்டாங்கட்டில் நம் அறையைத் திறந்தேன். பூட்டைத் திறக்கவே அரை மணி நேரம் ஆனது. தேங்காய் எண்ணெய் விட்ட பிறகுதான் சாவி சுற்றியது. உள்ளே வௌவால் நாற்றம் குடலைப் பிடுங்கியது. ஒவ்வொன்றாக இறக்கி வளவு முற்றத்தில் வைத்தோம். வெளிச்சத்தில் பார்த்தபோது எனக்கு மனசு கேட்கவில்லை. பெர்லின் வரைக்கும் போகிற பாத்திரம், நாலு பேர் பார்க்கப் போகிறார்கள், இப்படிக் கரியும் களிம்புமாகவா அனுப்புவது? செல்லம்மாள் புளியைக் கரைத்தாள். நான் செங்கல் பொடி கொண்டுவந்தேன். மதியத்துக்குள் 11 முடிந்தது. சாப்பிட்டுவிட்டுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனைப் பார்த்தால், 'கரி, பிசுக்கு, களிம்பு எதையும் தொடாதே, எனக்கு அதுதான் வேணும்' என்று காலையிலேயே அனுப்பியிருக்கிறாய்.

போன வருஷம் நீ ஒரு கதை சொல்லிச் சிரித்தாயே, நினைவிருக்கிறதா? டோர்ட்முண்ட் ஊர் அருங்காட்சியகத்தில் 2011இல் நடந்தது. மார்ட்டின் கிப்பன்பெர்கர் என்பவர் மரச் சட்டங்களைக் கோபுரமாக அடுக்கி, அடியில் ஒரு ரப்பர் தொட்டியை வைத்து, மழைத்தண்ணீர் காய்ந்துபோன தடம் மாதிரி அதில் பெயின்ட் பூசியிருந்தார். துப்புரவுக்கு வந்த பெண் அழுக்கு என்று நினைத்துத் தேய்த்தே எடுத்துவிட்டாள். 8 லட்சம் யூரோ சாமான் அது. அன்றைக்கு நானும் உன்னோடு சேர்ந்து சிரித்தேன். இப்போது அவளை நினைத்தால் கூடப்பிறந்தவள் மாதிரி இருக்கிறது. கறையோடு ஒரு தொட்டியை விட்டுவிட்டுப் போக அவளுக்கும் மனசு வரவில்லை, பாவம்.

சரி, கோபப்படுவதற்கு முன்னால் மீதியையும் கேள்.

அந்தப் பதினொன்றில் ஒன்று பெரிய பித்தளைத் தவலை. 1978இல் கல்யாணம் ஆகி இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அதைப் பார்க்கிறேன். விசேஷம் என்றால் கோட்டை அடுப்பில் வெந்நீர் போட அதுதான். கரி தோல் மாதிரி ஏறிக்கிடந்தது. கழுத்துப் பக்கம் தேய்த்துக்கொண்டு வரும்போது விரலில் ஏதோ நெருடியது. பார்த்தால் எழுத்து. பேர் வெட்டுகிறவர் உளியின் முனையை வைத்துச் சின்னச் சுத்தியலால் தட்டித் தட்டி, புள்ளி புள்ளியாகச் சேர்த்து எழுதுவாரே, அந்த எழுத்து. ஒவ்வொரு புள்ளியும் கடுகளவு. உள்ளே அடைந்திருந்த கரியைச் செல்லம்மாள் ஊக்கு நுனியால் எடுத்தாள். 'கரு.முத.சா' என்று இருந்தது.

"ஆச்சி, இது நம்ம சாமானே இல்ல போலிருக்கே" என்றாள்.

பாத்திரத்தில் வெட்டுகிற நம் வீட்டு விலாசம், அந்த முதலெழுத்துகள், வீர.சுப. என்பது உனக்கே தெரியும். அப்பாவிடம் போய்ச் சொன்னேன். நாற்காலியில் உட்கார்ந்தபடியே கொஞ்ச நேரம் மோட்டைப் பார்த்துவிட்டு, "மேலத்தெரு வீட்டு எழுத்து" என்றார். அவ்வளவுதான். மறுநாள் தவலையை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு மேலத்தெரு ஆச்சி வீட்டுக்குப் போனேன். அவர்களுக்கு 88 வயது. கண் சரியாகத் தெரியவில்லை. பட்டாலையில் பாய் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். விஷயத்தைச் சொல்லித் தவலையை முன்னால் வைத்தேன். கழுத்தைச் சுற்றி விரலை ஓட்டினார்கள். அந்தப் புள்ளிகளில் விரல் வந்து நின்றது. "சா... சாலாச்சி. எங்க மாமியார் சாமான்" என்றார்கள். அப்புறம் ஒரே சிரிப்பு. உன் அப்பாவின் ஐயாவுக்கு அறுபதாம் கல்யாணம் நடந்தபோது, அந்தச் சாந்திக்கு இரவல் வந்ததாம். திரும்பிப் போகவே இல்லை. "உங்க வீட்டுத் தாம்பாளம் ரெண்டு இங்க இருக்கு. தவலை வரட்டும், அப்புறம் குடுக்கலாம்னு என் மாமியார் எடுத்து வச்சாக. அவுகளும் போய்ட்டாக" என்று சொல்லி, உள்ளேயிருந்து எடுத்துவரச் சொன்னார்கள். இரண்டிலும் வீர.சுப. என்று நம் எழுத்து!

நீ கேட்டபடி கரியோடு அனுப்பியிருந்தால் அந்தத் தவலை பெர்லினில் 'கலைஞரின் பாட்டி வீட்டுப் பாத்திரம்' என்று சீட்டு ஒட்டிக்கொண்டு நின்றிருக்கும். தவலைக்குப் பதில் தாம்பாளம் இரண்டும் வருகின்றன. அவற்றை நான் தேய்க்கவில்லை. மேலத்தெரு ஆச்சி வீட்டில் ஏற்கெனவே தேய்த்துப் பளபளவென்று வைத்திருந்தார்கள், அதற்கு நான் என்ன செய்ய?

உன்னோடு கொச்சிக்கு வந்தது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. 2012 டிசம்பரில் பினாலே என்கிற அந்தக் கலைக் கண்காட்சி முதல்முதலாகத் தொடங்கிய வருஷம். பீகார்க்காரர் சுபோத் குப்தா ஒரு நீளமான கேரளத்துப் படகை வைத்து, அதற்குள் பானை, கட்டில், நாற்காலி, வலை என்று ஒரு குடும்பத்தின் தட்டுமுட்டுச் சாமான் அத்தனையையும் நிரப்பியிருந்தார். நான் பார்த்ததும், "இதெல்லாம் யார் வீட்டுச் சாமான்?" என்று கேட்டேன். "அம்மா, அது கேள்வியே இல்லம்மா" என்று நீ முகத்தைச் சுளித்தாய். அப்புறம் மீன் வறுவல் வாங்கிக்கொடுத்துச் சமாதானப்படுத்தினாய். எனக்கு இன்றைக்கும் அதுதான் முதல் கேள்வி. பெயர் இல்லாத பாத்திரத்தைப் பார்த்தால், எங்கேயோ ஒரு விசேஷ வீட்டில் கணக்கு இடிக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றும்.

அதற்காக அம்மாவுக்கு இதெல்லாம் பிடிக்காது என்று நினைத்துக்கொள்ளாதே. அதே குப்தா எவர்சில்வர் வாளி, தூக்கு, சட்டி எல்லாம் சேர்த்து ஒரு பெரிய மண்டையோடு செய்திருந்த படத்தைக் காட்டினாயே, எனக்கு அது பிடித்தது. 2006இல் பாரிஸில் ஒரு தேவாலயத்தில் அதை வைத்தபோது, வந்தவர்களுக்கெல்லாம் சூப் ஊற்றிக் கொடுத்தார்களாம். பாத்திரத்தை வைத்துவிட்டு வந்தவர்களைப் பட்டினியாக அனுப்பாமல் இருந்தார்களே, அந்த மனுஷன் சமையற்கட்டில் வளர்ந்தவர்தான் என்று நினைத்துக்கொண்டேன். 1917இல் நியூயார்க்கில் மூத்திரக் கோப்பையில் கையெழுத்துப் போட்டுக் கண்காட்சிக்கு அனுப்பிய துஷாம்ப் விஷயம்தான் எனக்கு இன்றுவரை ஏறவில்லை. கடைச் சாமானையே கலை என்று வைப்பதற்கு ரெடிமேட் என்று பேர் என்றாய். இங்கே ரெடிமேட் என்றால் சட்டை. அவர் அனுப்பிய அசல் தொலைந்துபோய், இப்போது அருங்காட்சியகங்களில் இருப்பதெல்லாம் பிற்பாடு செய்த நகல் என்று நீயே சொன்னாய். கடையில் வாங்கிய சாமானுக்கு நகல் செய்து வைப்பதை நம் ஊர்ப் பழஞ்சாமான் கடைக்காரர்கள் கேட்டால் சிரிப்பார்கள். இல்லை, சிரிக்க மாட்டார்கள். அவர்களும் அதைத்தான் செய்கிறார்கள்.

நீ சொன்னவற்றில் மனசில் தங்கிவிட்டது அந்தச் சீனத்து அம்மாள் கதைதான். பெயரை ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறேன், ஜாவ் ஷியாங்யுவான். பஞ்சகாலத்தில் வாழ்ந்தவள், எதையும் தூக்கி எறியாதவள். பற்பசைக் குழாய், மூடி, பழைய செருப்பு, கந்தல், சட்டி எல்லாம் வீடு நிறைய. 2002இல் புருஷன் இறந்த பிறகு சாமான்களுக்குள்ளேயே முடங்கிப்போனாள். மகன் சோங் டாங் கலைஞன். அம்மாவை வெளியே கொண்டுவர வேறு வழி தெரியாமல், "வாம்மா, இதையெல்லாம் பரப்பிக் காட்டுவோம்" என்று கூட்டிவந்து 2005இல் பெய்ஜிங்கில் பரப்பினான். 10,000க்கும் மேல் உருப்படி. அவளே பிரித்து, அவளே அடுக்கி, பார்க்க வந்தவர்களிடம் அவளே கதை சொன்னாள். மேலே ஒரு விளக்கெழுத்து, 'அப்பா, கவலைப்படாதே, அம்மாவும் நாங்களும் நன்றாக இருக்கிறோம்' என்று. செத்துப்போன மனுஷனுக்கு எழுதியது. நீ அதை வாசித்துக் காட்டியபோது நான் அடுப்படிக்கு எழுந்து போனேனே, பால் பொங்குகிறது என்று சொல்லி. பால் அடுப்பிலேயே இல்லை.

அதில் அந்த சோப்புக் கட்டிகள். துணி சோப்புக்கு ரேஷன் இருந்த காலத்தில், பிள்ளைகளுக்குப் பின்னால் தட்டுப்பாடு வரக்கூடாது என்று சேர்த்தாள். மகனுக்குக் கல்யாணம் ஆனதும் எடுத்துக் கொடுத்தாள். "நான் வாஷிங் மெஷின் வைத்திருக்கிறேனே அம்மா" என்றான் அவன். திருப்பி எடுத்து வைத்துக்கொண்டாள். இந்த சோப்பு விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன்.

நடுவில் ஒரு வயிற்றெரிச்சலைக் கொட்டிவிடுகிறேன். பெரிய வீட்டு முகப்பில் நின்ற இரண்டு அண்டா உனக்கு நினைவிருக்காது. 1998இல் ஒரு பங்காளி வந்து, அவர் பங்கு என்று சொல்லி, நம்மைக் கேட்காமலேயே எடைக்குப் போட்டுவிட்டார். ஈயம் பித்தளைக்குப் பேரீச்சம்பழம் என்று தெருவில் கூவுவார்களே, கிட்டத்தட்ட அந்தக் கணக்குதான். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு கல்யாண வரவேற்புக்கு, பழைய வீட்டை விடுதியாக்கியிருக்கிற ஓர் இடத்துக்குப் போனோம். தாழ்வாரத்தில் அதில் ஒரு அண்டா! வாயில் ஏதோ குரோட்டன்ஸ் செடி. கிட்டே போய்க் குனிந்து பார்த்தேன், வீர.சுப. என்று எழுத்து அப்படியே இருந்தது. கையை வைத்துத் தடவினேன். சீருடை போட்ட பையன் ஓடிவந்து, "மேடம், அது ஆன்டிக், தொடாதீங்க" என்றான். பத்தாயிரம் பேருக்கு வெந்நீர் போட்ட அண்டா. அப்பா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். அன்றைக்கு ஐஸ்கிரீம் கூடச் சாப்பிடவில்லை நான்.

சரி, சாமானுக்கு வருகிறேன். கட்டி வைத்திருப்பது மொத்தம் 43. தனித் தாளில் பட்டியல் இருக்கிறது, எது எந்த வேலைக்கு, யாருடையது என்று ஒவ்வொன்றுக்கும் எதிரே எழுதியிருக்கிறேன். அந்தத் தாளையும் சுவரில் மாட்டினால் எனக்குச் சந்தோஷம். மாட்டாவிட்டாலும் கிழித்துப் போடாதே.

என் ஆத்தா, அதாவது உன் ஆயா, ரங்கூனிலிருந்து கொண்டுவந்த மங்குச் சாமானில் ஆறு வருகிறது. நாலடுக்குத் தூக்கு ஒன்று, வெள்ளை உடம்பு, நீல விளிம்பு, அடியில் ஸ்வீடன் முத்திரை. மூடிப் பக்கம் பூச்சு உதிர்ந்து கறுப்பாக ஒரு வட்டம் தெரியும். அது நீ மூன்று வயதில் மாடிப்படியில் உருட்டிவிட்டது, ஆகவே அந்தக் கறை உன் கைவேலைதான், தாராளமாகக் கையெழுத்துப் போடலாம். மங்கு என்ற சொல்லே கப்பலில் வந்ததுதான். மலாய் பேசுகிறவர்கள் கிண்ணத்தை மங்குக் என்பார்கள். நம் ஐயாமார் கிண்ணத்தோடு சொல்லையும் கட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

நீ கேட்ட கல்சட்டியும் மர உரலும் வராது. அப்பத்தாவின் மாமியார் காலத்துச் சாமான் அவை. 100 வருஷத்துக்கு மேற்பட்ட கலைப்பொருளை நாம் பாட்டுக்கு வெளிநாட்டுக்கு அனுப்பக்கூடாது என்று 1972லேயே சட்டம் போட்டிருக்கிறார்கள். உரல் அதில் சேருமா என்று அப்பா யோசிக்கிறார். நான் யோசிக்கவில்லை. அது இருக்கிற இடத்தில் இருக்கட்டும். பணியாரச் சட்டியும் கிடையாது. நாளைக்கு வெள்ளைப் பணியாரம் சுட வேண்டும் என்றால் நான் எங்கே போவேன்?

அடுக்குவது எப்படி என்று நீ வரைந்து அனுப்பிய படத்தைப் பார்த்தேன். எல்லாவற்றையும் கயிற்றில் கட்டி அந்தரத்தில் தொங்கவிடப் போகிறாய். உன் இஷ்டம். ஆனால் கொஞ்சத்தையாவது தரையில் வை. என் கல்யாணத்தில் சாமான் பரப்பியதைச் சொல்கிறேன், கேள். வளவு முழுக்கப் பாய் விரித்து, நடுவில் குத்துவிளக்கு. அதையொட்டி வெள்ளி. அப்புறம் பித்தளை, பெரிதிலிருந்து சிறிதாக, அண்டாவில் ஆரம்பித்து நெய்க்கரண்டி வரைக்கும். அப்புறம் எவர்சில்வர், அப்போது அதற்குத்தான் மவுசு. மங்கு, மரச்சாமான், கொட்டான், பாய், முறம், கடைசியில் விளக்குமாறு கூட. ஒவ்வொன்றும் ஜோடி ஜோடியாக, எழுத்து முன்பக்கம் பார்க்க. வந்த பெண்டுகள் நடுவில் விட்ட வழியில் மெதுவாக நடந்து பார்ப்பார்கள். குனிந்து எழுத்தை வாசிப்பார்கள். எண்ணுகிறவர்கள் எண்ணுவார்கள். நீ கண்காட்சியில் காட்டுகிற அத்தனை பவிசும் அதில் உண்டு, கண்ணாடிப் பெட்டி மட்டும்தான் இல்லை.

அழகாக இருந்தது என்பது உண்மை. அதற்காக என்னைப் பெற்ற அப்பச்சி புதுவயல் பக்கம் இருந்த நிலத்தை விற்றார் என்பதும் உண்மை. அந்தப் பாய்க்கு நடுவில் நான் நடந்தபோது எனக்கு இருபது வயது. ஒவ்வொரு அண்டாவும் எத்தனை சென்ட் என்று கணக்குப் போட்டுக்கொண்டே நடந்தேன். சுவரில் எழுதும்போது அதையும் எழுது. பாட்டி காலத்துப் பாத்திரம், பாரம்பரியம் என்று மட்டும் எழுதி ஆச்சிகளை அழகுபடுத்தாதே.

இப்போது சோப்பு.

உனக்குப் பத்து வயதிலிருந்து நான் எவர்சில்வர் சேர்த்தேன். சீட்டுப் போட்டு, ஆடித் தள்ளுபடியில், கிழிந்த பட்டுப்புடவையின் ஜரிகையைப் போட்டு, கொஞ்சம் கொஞ்சமாக. செய்தித்தாளில் சுற்றி, கோணிச் சாக்கில் கட்டி, கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுவேன். சுற்றிய தாளில் 1996 தேதி கூட இருக்கிறது. 2019இல் நீ பெர்லினில் பதிவாளர் ஆபீஸில் கையெழுத்துப் போட்டுக் கல்யாணம் செய்துகொண்டாய். நான் ஒன்றும் சொல்லவில்லை. மாப்பிள்ளை நல்ல பிள்ளை, வத்தக்குழம்பு இரண்டு தடவை போட்டுக்கொள்கிறார், வேறு என்ன வேண்டும்? அந்தச் சாமானை யாருக்கும் பரப்பிக் காட்ட வேண்டி வரவில்லை. 62 உருப்படி, ஒன்றுகூட அடுப்பேறவில்லை. நீ போனில் கண்காட்சி என்று சொன்ன அன்று ராத்திரி ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தேன். கரி கிடையாது, பிசுக்கு கிடையாது, உனக்கு ஆகாதோ என்னவோ. மண்டையோடு செய்தவர் படத்தில் எல்லாம் பளபளவென்றுதானே இருந்தது. வேண்டுமானால் சொல், 43ஓடு சேர்த்துக் கட்டிவிடுகிறேன். வாஷிங் மெஷின் இருக்கிறது என்று மட்டும் சொல்லாதே.

ஒரு சிக்கல்தான். அவற்றில் பேர் வெட்டவில்லை. கல்யாணம் நிச்சயமானதும் வெட்டலாம் என்று வைத்திருந்தேன். காரைக்குடியில் இப்போது எல்லாரும் மிஷின் பேனாவில் கிறுக்கிக் கொடுக்கிறார்கள், கொசு ரீங்காரம் மாதிரி ஒரு சத்தம், ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிடும். எனக்கு அது வேண்டாம். தேவகோட்டையில் உளி வைத்து வெட்டுகிற ஒரு பெரியவர் இன்னும் இருக்கிறாராம். வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன். என்ன எழுத்து என்று கேட்கிறார். வீர.சுப.உ என்று வெட்டிவிடலாம் என்கிறார் அப்பா. மாப்பிள்ளை வீட்டுப் பெயரைத் தமிழில் வெட்டினால் டம்ளரைச் சுற்றி இரண்டு சுற்று வரும் போலிருக்கிறது. உங்கள் இரண்டு பேருக்கும் என்ன எழுத்து வேண்டுமோ, புதன்கிழமை ராத்திரிக்குள் போன் செய்து சொல்.

கத்தாமல் பேசு.

அன்புடன்,
அம்மா